முப்பதுக்கு நாற்பது சைட்டில் நான்கு குடித்தனம்: ஓசூரில் வாடகை வீடு கட்டுவோருக்கு

ஓசூரில் வீடே கிடைக்கவில்லை என்று சொன்னால் அது பாதி உண்மைதான். தளி சாலையிலும் பாகலூர் சாலையிலும் 'டு லெட்' பலகை எப்போதும் தொங்குகிறது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டு பெட்ரூம், மூன்று பெட்ரூம், மாடுலர் கிச்சன். ஷிப்டுக்குப் போகும் கணவன், மனைவி, ஒரு குழந்தை என்று இருக்கும் குடும்பம் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, தனிக் கழிப்பறை, நிற்காத தண்ணீர் என்று தேடினால் வாரக்கணக்கில் அலைய வேண்டியிருக்கிறது. ஊரில் குறைவாக இருப்பது இந்த 350 சதுர அடி வீடுதான்.

இதைப் பெரிய பில்டர் கட்டுவதில்லை. நிலத்தின் விலைக்கு அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அரசு பெரிய அளவில் கட்டித் தருவது பெரும்பாலும் விடுதிதான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் சிப்காட் 706.50 கோடி ரூபாயில் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்த தொழிலாளர் குடியிருப்பில் 18,720 பேர் தங்கலாம். வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஏறக்குறைய 3.77 லட்சம். நல்ல வேலைதான், தேவையான வேலைதான். ஆனால் கல்யாணமாகிக் குழந்தை பிறந்தவுடன் அந்தக் கட்டிலை விட்டு இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கி வருகிறவருக்கு வீடு கொடுப்பது, ஓசூர் பேச்சில் 'சைட்' என்று சொல்லும் 30க்கு 40 அடி மனை வைத்திருக்கும் சாதாரண மனிதர். அவர் ஒழுங்காகக் கட்டுகிறாரா இல்லையா என்பதைப் பொறுத்தே இந்த ஊரில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மனிதர்களாக வாழ்வதும் வாழாததும்.

யார் குடிவரப் போகிறார்கள் என்று தெரியாமல் கட்டக் கூடாது. 2001 கணக்கெடுப்பில் ஓசூர் நகராட்சியில் 84,394 பேர். 2011இல் 1,16,821. அதன்பின் மத்திகிரி, மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி, ஆவலப்பள்ளி, சென்னத்தூர் எல்லாம் ஊருக்குள் வந்தன. 2019இல் மாநகராட்சியானது. 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்போ தள்ளிப்போய்விட்டது. ஆகவே பழைய எண்ணிக்கையை நம்பித் திட்டம் போடாமல் தெருவைப் பாருங்கள். நீங்கள் கட்டப்போகும் தெருவில் கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு யாரை ஏற்றுகிறது, பக்கத்து மாநகராட்சிப் பள்ளியில் எத்தனை தாய்மொழிகள் பேசும் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், மளிகைக் கடையில் ஐந்து கிலோ ஆட்டா மூட்டை எவ்வளவு வேகமாகத் தீர்கிறது என்று ஒரு மாதம் கவனித்தாலே தேவை என்னவென்று தெரிந்துவிடும்.

தெரிவது பெரும்பாலும் மூன்று வகை. ஒடிசா, பீகார், ஜார்கண்ட், அசாமிலிருந்து வந்தவர் முதல் வருடம் ஐந்தாறு பேரோடு ஒரே அறையில் இருப்பார். வேலை நிலைத்ததும் மனைவியைக் கூட்டிவருவார். அன்றே அவருக்கு அறை போதாது, வீடு வேண்டும். அடுத்தது, எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளுக்கு வரும் இளம்பெண்கள். விடுதியை விட்டு இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வீடு கேட்பார்கள், அவர்களுக்குக் கொடுக்கத்தான் பலரும் தயங்குகிறார்கள். மூன்றாவது வகையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை: வீட்டு உரிமையாளரே. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று 1980களில் ஆலைகள் வந்தபோது இருபத்தைந்து வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இப்போது அறுபத்தைந்து தாண்டிவிட்டது. பிள்ளைகள் பெங்களூரிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறார்கள். நான்கு பேருக்குக் கட்டிய மாடி வீட்டில் இப்போது இரண்டு பேர். தமிழ்நாட்டில் 2011இல் அறுபது வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். 2021க்கான மதிப்பீட்டில் பதின்மூன்றரைக்கும் மேல். கேரளத்துக்கு அடுத்து நாம்தான். பெரிய வீட்டில் இரண்டு முதியவர்கள், சின்ன அறையில் ஆறு இளைஞர்கள் என்று ஒரே தெருவில் இருக்கிறார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே தீர்வைக் கட்ட முடியும்.

1,200 சதுர அடி மனையில் தளத்துக்கு 850 சதுர அடி என்று தரைத்தளம், முதல் தளம் கட்டினால் மொத்தம் 1,700. தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் அனுமதிக்கும் தளப்பரப்பு மனையைப் போல இரண்டு மடங்கு, அதாவது 2,400. ஆகவே அதில் பிரச்சினை இல்லை. தளத்துக்கு இரண்டு போர்ஷன். ஒவ்வொன்றிலும் ஹால் 10க்கு 12, படுக்கையறை 9க்கு 10, சமையலறை 6க்கு 8, குளியலறையும் கழிப்பறையும் சேர்ந்து 4க்கு 7, பாத்திரம் கழுவத் துணி காயப்போட 3க்கு 6. உள்ளளவு 304 சதுர அடி. சுவர் சேர்த்தால் 360 வரும். இதற்குக் கீழே இறங்காதீர்கள். ஒரு போர்ஷனை ஒடுக்கி மூன்றாவதைத் திணித்தால் நடு போர்ஷனுக்கு ஒரு பக்கம்தான் ஜன்னல் கிடைக்கும். காற்று உள்ளே வர ஒரு வழியும் வெளியே போக ஒரு வழியும் இல்லாத வீட்டில் ஓசூர்க் குளிருக்குச் சுவர் ஓதம் பிடிக்கும், பூஞ்சை வரும், குழந்தைக்கு இருமல் நிற்காது. குடும்பம் ஆறு மாதத்தில் காலி செய்யும், நீங்கள் மறுபடி வெள்ளையடிப்பீர்கள்.

2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் முதல் தளமும் என்றால் 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி பெறும் வழி இருக்கிறது. ஆனால் எத்தனை குடித்தனம் என்பதை முதல் நாளே பொறியாளரிடம் சொல்லி, எந்த வழியில் விண்ணப்பிப்பது என்று அவரோடு முடிவு செய்யுங்கள். ஒரு வீடு என்று வரைபடம் கொடுத்து நான்காகக் கட்டுவதுதான் ஊர் வழக்கம். அந்தப் பொய் பிறகு சொத்துவரியில், மின் இணைப்பில், வங்கிக் கடனில் என்று ஒவ்வொரு இடத்திலும் வந்து நிற்கும். மனையே அனுமதியில்லாத பிரிவில் இருந்தால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளுக்கே 2017 வரன்முறைத் திட்டம் வழி திறந்தது. வரன்முறை ஆணை கையில் இல்லாத சைட்டை 'எல்லாரும் இப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்' என்று புரோக்கர் சொல்வதை நம்பி வாங்காதீர்கள்.

மின் இணைப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வாடகைதாரரின் பணம் ஓசையில்லாமல் போவது இங்கேதான். வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நான்கு போர்ஷனும் ஆளுக்கு 160 யூனிட் ஓட்டுகின்றன என்று வையுங்கள். தனித்தனி இணைப்பு என்றால் ஒவ்வொருவரும் 60 யூனிட்டுக்கு மட்டும், அதுவும் மிகக் குறைந்த படிக்கட்டணத்தில் கட்டுவார்கள். ஒரே இணைப்பில் சப் மீட்டர் போட்டால் மொத்தம் 640. ஒரே ஒரு 100தான் இலவசம், மேலும் 500ஐத் தாண்டியதால் கூடுதல் கட்டணப் படிகளுக்கும் போய்விடும். அந்தச் சுமையைச் சமாளிக்க உரிமையாளர் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வசூலிக்கிறார், வாடகைதாரர் கொள்ளை என்கிறார், மாதாமாதம் சண்டை. தனி வாசல், தனிச் சமையலறை, தனி வயரிங் இருந்தால் தனி இணைப்பு கேட்கலாம். கட்டும்போதே நான்கு மீட்டருக்கும் மோட்டார், மாடிப்படி விளக்குக்கான பொது மீட்டருக்கும் படிக்கட்டு ஓரம் மழை படாத இடத்தில் பலகை ஒதுக்கிவிடுங்கள். பிறகு சுவரை உடைத்து இழுப்பதற்கு இரட்டிப்புச் செலவு.

தண்ணீர். பதினாறு பேர் குடியிருப்பார்கள், விருந்தாளி சேர்த்து இருபது. ஆளுக்கு 100 லிட்டர் என்று சிக்கனமாக வைத்தாலும் நாளைக்கு 2,000 லிட்டர். 8க்கு 8 அடி, 6 அடி ஆழத்தில் சம்ப் (நிலத்தடித் தொட்டி) வெட்டினால் சுமார் 10,800 லிட்டர் பிடிக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் சில நாட்கள் தள்ளிப்போனாலும் சமாளிக்கலாம், சம்ப் 4,800 லிட்டருக்குக் கீழே இறங்கியதும் 6,000 லிட்டர் லாரி ஒன்றை முழுதாக இறக்கலாம். இந்தப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் புளோரைடு இருப்பதால் குடிக்கும் தண்ணீரையும் போர் தண்ணீரையும் ஒரே சம்பில் கலக்காதீர்கள். குடிநீருக்கு 1,000 லிட்டரில் ஒரு தனித் தொட்டியும் ஒரு குழாயும் போதும்.

மாடியில் 2,000 லிட்டர் தொட்டி ஒன்றை வைத்து நான்கு வீட்டுக்கும் குழாய் இறக்குவதுதான் எல்லா மேஸ்திரியும் செய்வது. காலை ஐந்து மணியை நினைத்துப் பாருங்கள். ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவர் கீழ் வீட்டில் குளிக்கிறார். கீழே அழுத்தம் அதிகம், குழாய் கொட்டுகிறது. மேல் வீட்டில் இரவு ஷிப்டு முடித்து வருகிறவர் ஏழு மணிக்குக் குழாயைத் திறந்தால் காற்று வருகிறது. யார் திறந்துவிட்டது என்று கேட்க ஆரம்பித்தால் 'அந்த ஹிந்திக்காரங்க' என்றுதான் முடியும். 2,000 லிட்டருக்குப் பதில் 500 லிட்டரில் நான்கு தொட்டி வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மிதவை வால்வு, தனி இறங்கு குழாய், வாசலருகே தனி கேட் வால்வு. கூடுதல் செலவு சில ஆயிரம்தான். தன் தொட்டி காலியானால் தன் பொறுப்பு என்று தெரிந்தவுடன் ஒழுகும் குழாயைக் குடியிருப்பவரே சரிசெய்து கொள்கிறார்.

பாதாளச் சாக்கடை வராத தெரு என்றால் செப்டிக் டேங்க். இருபது பேருக்கு நீளம் 7½ அடி, அகலம் 3½ அடிக்குச் சற்று மேல், தண்ணீர் நிற்கும் ஆழம் 4¼ அடி வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லாரி வைத்து எடுக்க வேண்டும். இதற்குப் பதில் சிமென்ட் உறை இறக்கி அடியைத் திறந்து விடுகிறார்கள். 'நிரம்பவே நிரம்பாது சார்' என்பார்கள். நிரம்பாததற்குக் காரணம், அது உங்கள் போரிலும் பக்கத்து வீட்டுப் போரிலும் போய்ச் சேர்வதுதான். நாற்பதடி நீள மனையில் கழிவுக்குழிக்கும் கிணற்றுக்கும் ஐம்பதடி தள்ளி வைக்க இடமே கிடையாது. ஆகவே அடியும் பக்கமும் பூசிய, இரண்டு அறை கொண்ட தொட்டிதான் ஒரே வழி. சம்ப் முன் மூலையில் என்றால் செப்டிக் டேங்க் எதிர்ப் பின் மூலையில். மூடியை லாரிக் குழாய் எட்டும் இடத்தில் வையுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஆளை உள்ளே இறக்கக் கூடாது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம், அதற்கும் மேலே அது ஓர் உயிர்.

ஏற்கெனவே இருக்கும் பெரிய வீட்டைப் பிரிக்கிறவர்கள் மூன்று இடத்தில் தவறுகிறார்கள். முதலாவது சுவர். நாலரை இஞ்ச் செங்கல் சுவர் பத்தடி உயரத்துக்கு, ஓர் அடி நீளம் மட்டுமே சுமார் 200 கிலோ, பூச்சு தனி. கீழே பீம் இல்லாத தளத்தின் நடுவில் அதை எழுப்பினால் கீழ்வீட்டுக் கூரையில் விரிசல் விழும். நான்கு இஞ்ச் ஏஏசி பிளாக் (காற்றுத் துளைகள் கொண்ட லேசான கான்கிரீட் கல்) என்றால் எடை மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கும். இரண்டாவது கழிப்பறை. கீழே கழிப்பறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலே மட்டும் புதிதாக வையுங்கள். வேறெங்கோ வைத்துத் தளத்தைக் குடைந்தால் கம்பி அறுபடும், நாலு இஞ்ச் குழாய்க்குத் தேவையான வாட்டமும் கிடைக்காது. நாற்பது அடிக்கு ஓர் அடி இறக்கம் இல்லாத குழாய் அடிக்கடி அடைக்கும். மூன்றாவது சமையலறை. பழைய படுக்கையறையைச் சமையலறையாக மாற்றும்போது மேலே எக்ஸாஸ்ட் வைப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். கேஸ் காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையில் தங்கும். சிலிண்டர் பக்கத்துச் சுவரில் தரையை ஒட்டி காற்றுப் போக அரையடிக்கு அரையடி துளை ஜாலி ஒன்று கட்டாயம். புதிதாக வந்த வெளிமாநிலக் குடும்பம் இணைப்பு கிடைக்காமல் கடையில் நிரப்பிய பழைய சிலிண்டரை வைத்துச் சமைக்கும். ஏஜென்சியில் அடையாள அட்டை காட்டினால் ஐந்து கிலோ சிலிண்டர் சட்டப்படியே கிடைக்கும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

உரிமையாளரான முதிய தம்பதி எங்கே இருப்பது? தரைத்தளத்தில், ஒரு போர்ஷனில். ஓசூரில் பெங்களூரைப் பார்த்துக் கட்டியவர்கள் கீழ்வீட்டை வாடகைக்கு விட்டு மேலே ஏறிக்கொண்டார்கள். அறுபத்தைந்தில் முட்டி வலியோடு பதினெட்டுப் படி ஏறுகிறார்கள். இடத்தை மாற்றிக்கொள்ளக் கௌரவம் பார்க்க வேண்டாம். மாற்றும்போது குளியலறைக் கதவை அளந்து பாருங்கள். வழக்கமாக 27 இஞ்ச். வாக்கர் வைத்து நடக்கிறவர் கதவருகே வந்து, வாக்கரைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு கையால் நிலையைப் பிடித்து உள்ளே காலை வைக்கிறார். அங்கே இரண்டு இஞ்ச் வாசற்படி, ஈரத் தரை. இடுப்பு உடைவது அந்த நொடியில்தான். நிலை 34 இஞ்ச் இருக்கட்டும், கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், படி வேண்டாம், சொரசொரப்பான ஒரு அடி டைல், கமோடு பக்கச் சுவரில் ஆள் எடை தாங்கும் கைப்பிடி. கைப்பிடிக்கு டைல் ஒட்டும் முன்பே செங்கல் சுவரில் ஆங்கர் போடச் சொல்லுங்கள், டைல் மேல் போட்ட திருகு பிடுங்கிக்கொண்டு வரும்.

பணக் கணக்கை மனதைத் தேற்றிக்கொள்ளாமல் போட வேண்டும். கட்டுமானம் சதுர அடிக்கு 2,400 ரூபாய் என்று வைத்தால் 360 சதுர அடி போர்ஷன் ஒன்றுக்கு 8.64 லட்சம். வாடகை 6,500 என்று வையுங்கள். வருடத்தில் ஒரு மாதம் காலி, ஒரு மாத வாடகை பராமரிப்பு என்று கழித்தால் கையில் 65,000. மாதத்துக்கு 5,400 சொச்சம். 9 சதவீத வட்டியில் 15 வருடக் கடன் என்றால் லட்சத்துக்கு 1,014 ரூபாய் தவணை. முழுத்தொகையும் கடன் என்றால் தவணை 8,760 ஆகிவிடும், வாடகை எட்டாது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் போர்ஷனை அறையாக்கி ஆறு பேரை அடைக்கிறார்கள். பாதிக் கடன் என்றால் தவணை 4,380, நிம்மதியாக நிற்கும். ஆகவே கையில் பாதி இருந்தால் மட்டும் இறங்குங்கள், இல்லையென்றால் இப்போது இரண்டு போர்ஷன், அடுத்த இரண்டுக்குக் கம்பியை விட்டு வையுங்கள். சொந்த மனை இருந்து, ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்குள், நாட்டில் எங்கும் கான்கிரீட் வீடு இல்லாத குடும்பம் தனக்கே கட்டிக்கொள்வதென்றால் பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டம் 2.0 இல் மத்திய அரசு ஒன்றரை லட்சமும் மாநில அரசு குறைந்தது ஒரு லட்சமும் தரும்.

பலர் கடனுக்குப் பதில் 'லீஸ்' வாங்கிக் கட்டுகிறார்கள். நான்கு லட்சம் கொடுத்தால் மூன்று வருடம் வாடகை இல்லை என்கிற போக்கியம். வாங்கிய பணம் கட்டடத்தில் போய்விடும், திருப்பிக் கொடுக்க அடுத்த லீஸ்காரர் வர வேண்டும். அவர் வராவிட்டால் முதல் குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு மாட்டிக்கொள்ளும். லீஸுக்குப் போகிறவர் வில்லங்கச் சான்று எடுத்து, வீட்டின் மேல் வங்கி அடமானம் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இருந்து, தவணை தவறினால் வங்கி ஏலம் விடும். அப்போது வெறும் முத்திரைத்தாளை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. செலவானாலும் சுவாதீன அடமானமாக, அதாவது வீட்டை அனுபவிக்கும் உரிமையோடு கூடிய அடமானமாகப் பதிவு செய்யுங்கள்.

வாடகைக்கும் பதிவு உண்டு. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. பத்து மாத அட்வான்ஸ் என்பது பெங்களூரிலிருந்து இறங்கிய பழக்கம். 6,500 வாடகைக்காரரிடம் 65,000 கேட்டால் அவர் கந்துவட்டிக்குப் போவார், முதல் ஆறு மாதம் வட்டி போக மீதியில்தான் உங்களுக்கு வாடகை வரும். பதிவு செய்த ஒப்பந்தம் அந்தக் குடும்பத்துக்கு முகவரிச் சான்றும் கூட. ஆதார் முகவரி மாற்றம், கேஸ், வங்கிக் கணக்கு என்று எங்கும் நீட்டலாம். ஒப்பந்தத்தில் எத்தனை பேர் தங்குவார்கள் என்பதைப் பெயரோடு எழுதுங்கள். போர்ஷனுக்குப் பெரியவர்கள் நான்கு பேர் என்பது உச்சம். எந்த ஊர், என்ன சாதி, அசைவமா, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்க அதில் இடமும் இல்லை, தேவையும் இல்லை. வேலை எங்கே, வாடகை எந்தத் தேதியில், குப்பை யார் கொண்டுபோவது, இதைக் கேளுங்கள். ஒப்பந்தத்தை அவர்களுக்குப் புரிகிற மொழியில் ஒருமுறை படித்துக்காட்டுங்கள்.

வேலை முடியும் மாதத்தையும் முன்கூட்டியே பாருங்கள். பள்ளிப் பிள்ளை உள்ள குடும்பங்கள் ஏப்ரல், மே மாதங்களில்தான் வீடு மாறும். ஆடியில் சாவி கொடுக்கத் தயாரானால் நம் ஊர்க் குடும்பங்கள் ஆவணி வரட்டும் என்பார்கள், மார்கழியில் தை வரட்டும் என்பார்கள். வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு ஆடியும் மார்கழியும் தடையில்லை, ஆனால் தீபாவளி, சத் பூஜை, ஹோலிக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போதுதான் குடும்பத்தைக் கூட்டிவருவார்கள். சித்திரைக்குள் பூச்சு வேலை காய்ந்திருந்தால் வைகாசியில் நான்கு வீடும் நிறையும். பூச்சு நனைந்திருக்கும்போதே பெயின்ட் அடித்துக் குடிவைத்தால் அடுத்த மழைக்குச் சுவர் உப்புப் பூக்கும்; கடைசிப் பூச்சுக்கும் முதல் பெயின்ட்டுக்கும் நடுவே ஒரு மாதம் விடுங்கள்.